லேக்கருக்கு அடியில் ஒரு கட்டைவிரல்

பல் டாக்டரம்மா கதவுத் தகட்டைப் பூந்துவாலையில் சுற்றிக் கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு பட்டறைக்குள் வந்தபோது, பாலிஷ்காரர் டீயில் பன்னை முக்கிக்கொண்டிருந்தார். வந்தவரைப் பார்த்த நொடியில் பன்னில் பாதி டீக்குள்ளேயே கழன்று விழுந்துவிட்டது. வேலையை முடித்துக் கொடுத்த பிறகு வாடிக்கையாளர் திரும்பி வந்தால் அது புகாராகத்தான் இருக்கும். புகழ்வதற்காக இதுவரை யாரும் திரும்பி வந்ததில்லை.

"வாங்க டாக்டரம்மா. என்ன, ஸ்க்ரூ ஏதும் லூசாயிடுச்சா?"

"எனக்கா, கதவுக்கா?" என்று கேட்டுக்கொண்டே அந்த அம்மாள் துவாலையைப் பிரித்தார். "வாசக் கதவுத் தகடு. நாலரை மாசம் கண்ணாடி மாதிரி இருந்துச்சு. இப்போ பாருங்க, சொத்தைப்பல்லு மாதிரி ஒண்ணு. ஈரத்துணியால தொடச்சேன், போகலை. சோப்புப் போட்டேன், போகலை. கறை மேல இல்லீங்க. உள்ள இருக்கு."

பாலிஷ்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். முழ நீளப் பித்தளைத் தகடு. சாவித் துவாரத்துக்குச் சற்றுக் கீழே, நட்டநடுவில், பழுப்பு நிறத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை. சுழி, வரி, எல்லாம் துல்லியமாக, ரிஜிஸ்தர் ஆபீஸில் வைத்ததைப் போல நின்றது.

இந்தத் தொழிலில் இதைவிட வெட்கக்கேடு வேறு கிடையாது. லேக்கர் என்கிற பழைய கண்ணாடிப் பூச்சை உரித்து, துணிச் சக்கரத்தில் கொடுத்து மெருகேற்றி, தின்னரால் துடைத்த பிறகு பித்தளையை வெறுங்கையால் தொடவே கூடாது. தொட்டால் அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. மேலே புது லேக்கரை அடித்து, கண்ணைப் பறிக்கிற மாதிரி கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். ஆனால் விரலில் இருந்த வேர்வை உப்பு லேக்கருக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, பித்தளையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். மூன்று நான்கு மாதம் கழித்து, எல்லோரும் மறந்த பிறகு, தொட்டவனின் ரேகை மேலே எழும்பி வரும். அதற்குத்தான் பட்டறையில் ஆளுக்கு இரண்டு ஜோடி வெள்ளைக் கையுறை.

"மச்சான், இங்க வா" என்று பாலிஷ்காரர் கூப்பிட்ட கூப்பாட்டில் துணிச் சக்கரத்தின் மோட்டார் தானாகவே நின்றதுபோல் இருந்தது.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. சக்கரம் அவன் பொறுப்பு. முகமெல்லாம் கருப்பு மாவு அப்பிக்கொண்டு வந்து நின்றான்.

"என்னடா இது?"

பார்த்தான். முகத்தின் கருப்புக்குள்ளேயே அவன் வெளுத்தது தெரிந்தது. "நான் இல்ல மாமா. சத்தியமா கையுறை போட்டேன்."

"நீ இல்லேன்னா நானா? நான் அப்போ குடலிறக்கத்துக்கு அறுத்துக்கிட்டுக் கட்டில்ல கெடந்தேன். பலகையில உன் பேரை எழுதட்டுமா?"

பலகை என்பது சுவரில் தொங்கிய கரும்பலகை. பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. பாலிஷ்காரரே போட்ட சட்டம். கெடுத்தவர் கையாலேதான் திருத்தணும். எந்த வேலை திரும்பி வந்தாலும் அந்தப் பலகையில் ஏறும். பக்கத்தில் கெடுத்தவர் பெயரும் ஏறும். திருத்தி முடித்தால்தான் அழியும். பத்துக்கு ஒன்பது தடவை அங்கே இருந்தது மச்சானின் பெயர்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"வேணும்னா கையை வச்சுப் பாத்துக்கங்க" என்றான் மச்சான் ரோஷமாக.

"பாத்துட்டாப் போச்சு" என்றார் டாக்டரம்மா. அவருக்கு அன்றைக்குக் காலை நேரத்தில் ஆள் யாரும் வரவில்லை போலிருக்கிறது. கைப்பையிலிருந்து பல் பார்க்கிற உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

ரப்பர் ஸ்டாம்ப் மை டப்பா வந்தது. மச்சான் ஒரு காகிதத்தில் கட்டைவிரலை அழுத்தினான். பாலிஷ்காரரும் நியாயத்துக்காகத் தன் விரலை வைத்தார். பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. அங்கிருந்து மனைவியையும் கூப்பிட்டார்.

"அடுப்புல பால் இருக்கு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"காலையிலேயே பால் காய்ச்சியாச்சே?"

"இது வேற பால்."

வேறு பாலும் பொங்கி இறங்கிய பிறகுதான் மனைவி வந்தாள். விரலை நீட்டினாள். புருஷன் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

டாக்டரம்மா மூன்று ரேகையையும் தகட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "மூணுமே இல்லை. இது சின்ன விரல், பொம்பள விரலு. இன்னொண்ணு. குறுக்கால ஒரு கோடு போகுது பாருங்க. வெட்டுத் தழும்பு. சின்ன வயசுல பட்டதா இருக்கும். அப்படித் தழும்பு இருக்கிறவங்க உங்க பட்டறையில யாரு?"

மச்சான் கையில் இருந்த மையைக் கால்சட்டையில் தேய்த்தான். அந்தத் தழும்பு யாருடையது என்பது மூவருக்கும் தெரியும். பன்னிரண்டு வயதில் தகட்டு விளிம்பு கிழித்து, மூன்று தையல் போட்டு, தையல் பிரிக்கிற வரைக்கும் வாய் ஓயாமல் அழுத விரல் அது. அந்த அழுகைக்காகவே பாலிஷ்காரர் மகளுக்குக் கொசு என்று பட்டப்பெயர் வைத்தார். காதுக்கருகே நிற்காமல் பாடும் என்பதால்.

டாக்டரம்மா ஊர் வாயை நாள்முழுக்கப் பார்க்கிறவர். எங்கே தொட்டால் கூசும் என்பது அவருக்குத் தெரியும். கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். "பரவாயில்லை, மெதுவாச் செஞ்சு குடுங்க. ஆனா கதவுல ஓட்டைய அட்டை வச்சு அடைச்சிருக்கேன். வர்றவங்க எல்லாம் அந்த அட்டையைத்தான் பாக்கிறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்தா நல்லது" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தார். வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது.

கொசு பட்டறையை விட்டுப் போய்ப் பத்து மாதம் ஆகிறது. சின்ன விஷயம்தான். ஒரு வாத்தியார் தன் வீட்டுக் கைப்பிடிகள் ஆறைக் கொண்டுவந்தார். பாலிஷ்காரர் வழக்கம்போல லேக்கரை உரிக்கிற ரிமூவரில் முக்கினார், தேய்த்தார், சக்கரத்தில் கொடுத்தார். பித்தளை போய் அடியில் இரும்பு பல்லை இளித்தது. முழுப் பித்தளை இல்லை அது. இரும்பின்மேல் பித்தளைப் பூச்சு. முக்குவதற்கு முன்னால் ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். முப்பது வருட அனுபவத்துக்குக் காந்தம் எதற்கு என்று பார்க்கவில்லை.

வாத்தியார் வந்து கேட்டபோது, "பழசு சார், அரிச்சுப் போச்சு. உங்க கைப்பிடி சரியில்லை" என்று கூசாமல் சொல்லிவிட்டார். பக்கத்தில் நின்ற மகள் மேசை டிராயரைத் திறந்து காந்தத்தை எடுத்தாள். கைப்பிடிமேல் வைத்தாள். டக்கென்று ஒட்டிக்கொண்டது. "சார், இது இரும்பு. நாங்க பாக்காம முக்கிட்டோம். தப்பு எங்களோடது" என்றாள்.

வாத்தியார் போன பிறகு நடந்தது பெரிய கூத்து. வெளியாள் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாய் என்று இவர் குதித்தார். "கெடுத்தவர் கையாலேதான் திருத்தணும்னு நீங்கதானே சொல்வீங்க? அது எங்களுக்கு மட்டும்தானா?" என்று அவள் கேட்டாள். பதில் இல்லாத ஆண்பிள்ளை சொல்வதைத்தான் அவரும் சொன்னார்: வெளியே போ.

"போறேன். நீங்களா உங்க வாயால கூப்பிடாம இந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்."

பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் தோழி ஒருத்தியோடு அறை எடுத்துக்கொண்டு, சாவி வெட்டுகிற கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அப்பனுக்குப் பிறந்த பிள்ளை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். இவர் கூப்பிடவில்லை, அவள் வரவில்லை.

ஆனால் அன்றிலிருந்து பாலிஷ்காரரின் சட்டைப் பையில் ஒரு காந்தம் உண்டு. யாரும் பார்க்காத நேரத்தில் எடுத்து, வந்த சாமானில் வைத்துப் பார்த்துவிட்டு, திரும்பப் பைக்குள் போட்டுக்கொள்வார். சட்டையைத் துவைக்கிற மனைவிக்கு இது தெரியும். சொல்லிக்காட்டியதில்லை.

இப்போது அந்த மனைவி வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவ எப்போ வந்தா?" என்று கேட்டார் பாலிஷ்காரர்.

"நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்போ. டாக்டரம்மா கிளினிக்குத் திறக்க ஒம்பது நாள்தான் இருந்துச்சு. எட்டுக் கதவு. தகடு, கைப்பிடி, கீல்னு கூடை கூடையாக் கெடந்துச்சு. இவன் ஒருத்தன் என்ன பண்ணுவான்? நான்தான் போன் போட்டேன்."

"வாசப்படியை மிதிக்க மாட்டேன்னு வீரம் பேசிட்டுப் போனாளே."

"மிதிக்கலைங்க. பின்கதவால வந்தா, பின்கதவால போனா. சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டா."

மச்சான் சிரித்துவிட்டான். உடனே இருமலாக மாற்றப் பார்த்தான்.

பாலிஷ்காரர் அவன் பக்கம் திரும்பினார். "ஏண்டா, நான் எந்திரிச்சு வந்து அந்தத் தகட்டைக் கையில எடுத்துப் பாத்து, மச்சான் உன் கை தேறிடுச்சுடா, இதுதாண்டா ஃபினிஷிங்குன்னு உச்சி குளிரப் பேசினேனே. தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னியே. அடக்கம்னு நெனச்சேன்."

"நீங்க அப்படிப் பேசி நான் கேட்டதே இல்ல மாமா. இன்னும் கொஞ்சம் கேட்டுக்கலாமேன்னு ஆசையா இருந்துச்சு."

அதற்கு மேல் அவனை என்ன திட்டுவது. பாலிஷ்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். டீ ஆறி, அடியில் பன் ஊறிக் கிடந்தது. தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபப்பட நினைத்தார். கோபம் முழுதாக வரவில்லை. அவள் வந்திருக்கிறாள், தான் இல்லாத நேரமாகப் பார்த்து வந்திருக்கிறாள் என்பதுதான் நெஞ்சில் குத்தியது.

மனைவி பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னாள். "அவ பேரைப் பலகையில எழுத வேண்டாம். நீங்களே திருத்திடுங்க. உங்களுக்கு அரை மணி வேலை."

"மழை பெய்யுது. லேக்கர் அடிக்க முடியாது."

அது உண்மைதான். காற்றில் ஈரம் இருக்கும்போது லேக்கர் அடித்தால், காய்வதற்குள் பால் தெளித்த மாதிரி வெளுத்துப்போகும். அன்று திங்கள். மழை செவ்வாயும் விடவில்லை. மச்சான் கீல்களைத் தேய்த்தான். பழைய கைப்பிடிகளை சோடா உப்புப் போட்ட கொதிநீரில் கிடத்தினார்கள். லேக்கர் வெங்காயச் சருகுபோல் சுருண்டு மேலே மிதந்தது. மனைவி சாப்பாட்டைத் தட்டில் போட்டு வைத்துவிட்டுப் போனாள். அவித்த முட்டை வழக்கமாக ஒன்று. அன்றைக்கு இரண்டு வைத்திருந்தாள். எதற்காவது ஆதாயம் தேடும்போது அவள் வைப்பது இரண்டு.

செவ்வாய் மத்தியானம் பட்டறையில் யாரும் இல்லாதபோது பாலிஷ்காரர் தகட்டை எடுத்தார். உரிக்கிறதையாவது உரித்து வைக்கலாம் என்று நினைத்தார். ரிமூவர் டப்பாவைத் திறந்து பிரஷ்ஷை நனைத்தார். ரேகைக்கு மேலே கொண்டுபோனவர், நிறுத்தினார்.

ஏதோ உறுத்தியது. என்ன என்று உடனே பிடிபடவில்லை. பிரஷ்ஷை வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த வேறொரு தகட்டைக் கையில் எடுத்தார். திருப்பினார், மறுபடி வைத்தார், மறுபடி எடுத்தார். நான்கு தடவை எடுத்தபோதும் அவருடைய கட்டைவிரல் விளிம்பில்தான் பட்டது. அதுவும் சாய்வாகத்தான் பட்டது. தவறிப் படுகிற விரல் ஓரத்தில் படும், வழுக்கும், பாதிதான் விழும். முப்பது வருடத்தில் அவர் பார்த்த விரல் கறை எல்லாம் அப்படித்தான்.

இது நட்டநடுவில் இருந்தது. நேராக இருந்தது. இப்படி விழ வேண்டுமென்றால் தகட்டை மேசைமேல் படுக்க வைத்து, கையுறையைக் கழற்றி, விரலை நிமிர்த்தி, அழுத்த வேண்டும். அதைத் துடைக்காமல் மேலே லேக்கரையும் அடிக்க வேண்டும்.

பாலிஷ்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எட்டுக் கதவுச் சாமானில் இந்த ஒன்றில் மட்டும். அதுவும் வாசக் கதவு. அதுவும் பல்லில் ஊசிமுனைக் கறையைக் கண்டுபிடிக்கிற அம்மாளின் கதவு. சில மாதத்தில் கறுக்கும், அந்த அம்மாள் விடமாட்டார், கொண்டுவந்து காட்டுவார், அப்பா விரலைத் தேடுவார், தேடினால் தழும்பு அகப்படும், அகப்பட்டால் பட்டறைச் சட்டப்படி அவளைக் கூப்பிட்டே ஆகவேண்டும். எல்லாவற்றையும் கணக்குப் போட்டு வைத்த விரல் அது. மன்னிப்பும் கேட்கவில்லை, கெஞ்சவும் இல்லை. கழுதை, சட்டத்தைப் பிடித்து இழுத்திருக்கிறது.

அவருக்குச் சிரிப்பு வந்தது. தனியாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணாடி நனைந்து ஒன்றும் தெரியாமல் போயிற்று. நாலரை மாதமாக அது அந்தக் கதவில் இருந்து அப்பா அப்பா என்று கூப்பிட்டிருக்கிறது. அவரோ அந்தத் தெருவழியாகவே எத்தனையோ தடவை போய்வந்திருக்கிறார்.

போனை எடுத்தார். எண்ணைத் தேடிக் கண்டுபிடித்தார். அழுத்தவில்லை. அவள் கேட்ட கேள்வி ஒன்று பத்து மாதமாகப் பதில் இல்லாமல் நிற்கிறது. அது எங்களுக்கு மட்டும்தானா? அதற்குப் பதில் வைத்துக்கொள்ளாமல் எந்த வாயால் அவளைக் கூப்பிடுவது.

புதன்கிழமை காலை மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போனார். கதவில் கைப்பிடி இருந்த இடத்தில் கயிறு கட்டியிருந்தது. கயிற்றைப் பிடித்து இழுத்து வாத்தியார் கதவைத் திறந்தார்.

"சார், அந்தக் கைப்பிடி ஆறும் இருக்கா?"

"இருக்கு. பரண்ல கெடக்கு. எதுக்கு?"

"குடுங்க. அது அரிச்சுப் போகலை சார். நான் காந்தம் வச்சுப் பாக்காம முக்கிக் கெடுத்தேன். உங்ககிட்டப் பொய் சொன்னேன்."

வாத்தியார் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பரீட்சையில் பிடிபட்டவன் தானாகவே எழுந்து நின்றால் பார்க்கிற பார்வை. "உங்க பொண்ணுதான் அன்னைக்கே சொல்லிடுச்சே. நீங்க சொல்றதுக்குப் பத்து மாசமா?"

"ஆமா சார்."

"பித்தளையாத் திரும்ப ஆகுமா?"

"ஆகாது. மிச்சப் பூச்சையும் எடுத்துட்டு, இரும்பாவே தேச்சு, மெருகேத்தி, துருப்பிடிக்காம லேக்கர் அடிச்சுத் தர்றேன். இரும்புன்னு தெரியும். ஆனா நல்லா இருக்கும்."

"தெரியட்டும். கயித்துக்கு அது மேல்" என்றார் வாத்தியார், ஸ்டூலை எடுத்துக்கொண்டு பரணுக்குப் போனபடி.

பட்டறைக்குத் திரும்பியதும் பாலிஷ்காரர் சாக்பீஸை எடுத்துப் பலகையில் இரண்டு வரி எழுதினார். மச்சான் தன் பெயர் இல்லாத பலகையை நம்பமுடியாமல் பார்த்தான். அக்காளைக் கூட்டிவந்து காட்டினான். அவள் படித்துவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு முட்டை மூன்று.

வியாழக்கிழமை வெயில் அடித்தது. ஈரத் துணிகள் விறைப்பாகக் காய்ந்தன. பத்து மணிக்கு அவர் போன் செய்தார்.

"நான்தான்" என்றார்.

அந்தப் பக்கம் சாவி வெட்டுகிற இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. பிறகு நின்றது.

"டாக்டரம்மா தகடு திரும்பி வந்திருக்கு. வா."

"சட்டம் கூப்பிடுதா, நீங்க கூப்பிடுறீங்களா?"

"நான்தாண்டி கூப்பிடுறேன் கொசு. வா."

அரைமணியில் வந்துவிட்டாள். முன்வாசலில் செருப்பை விட்டாள். ஒரு கணம் நின்று, படியை நன்றாக மிதித்து உள்ளே வந்தாள். இளைத்திருந்தாள். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்க, மச்சான் தேவையில்லாமல் மோட்டாரைப் போட்டு அணைத்தான்.

அவள் பார்வை பலகைக்குப் போயிற்று. அப்பாவின் கோணல் கையெழுத்து.

டாக்டரம்மா தகடு – கொசு.
வாத்தியார் கைப்பிடி ஆறு – நான்.

நீண்ட நேரம் படிக்க அதில் ஒன்றுமில்லை. ஆனாலும் அவள் நீண்ட நேரம் படித்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேசைக்கு வந்தாள். தகட்டில் ரிமூவரைப் பூசினாள். மேலே பிளாஸ்டிக் தாளைப் போட்டு மூடினாள். இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். காத்திருக்கிற நேரத்தில்தான் பேசவேண்டியதாயிற்று.

"தவறிப் பட்டதா?" என்றார் பாலிஷ்காரர்.

"இல்லப்பா."

"தெரியும்."

"ரெண்டு மாசத்துல கறுத்துடும்னு நெனச்சேன். நாலரை மாசம் ஆகும்னு நெனைக்கலை. நடுவுல, கறுக்காமலே போயிடுமோன்னு பயந்துட்டேன்."

"கையைக் கழுவிட்டு வச்சியா?"

"ஆமா. தின்னர் ஒட்டியிருந்துச்சு, சோப்புப் போட்டுக் கழுவினேன்."

"அதான் லேட்டு. வேர்த்த கையோட வச்சிருந்தா ரெண்டே மாசம்."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து, புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். தாளை எடுத்தாள். லேக்கர் கொழகொழவென்று தூக்கிக்கொண்டிருந்தது, வழித்துப் போட்டாள். ரேகை வெறும் பித்தளையில் அப்படியே இருந்தது. எலுமிச்சம்பழத் துண்டில் உப்பைத் தொட்டு மூன்று தேய்ப்பு தேய்த்தாள். போய்விட்டது. சக்கரத்தில் கொடுத்து, தின்னரால் துடைத்து, கையுறை மாட்டி, சாயங்காலத்துக்குள் லேக்கரை மூன்று பூச்சாக அடித்து முடித்தாள். இந்தத் தடவை கையுறையைக் கழற்றாமல் அடித்தாள்.

பாலிஷ்காரர் ஈரத்துணியால் பலகையில் முதல் வரியை அழித்தார். இரண்டாவது வரி நின்றது. வாத்தியாரின் கைப்பிடிகள் ஆறும் மேசையில் வரிசையாகக் கிடந்தன. சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுத்து, எல்லோரும் பார்க்க ஒவ்வொன்றிலும் வைத்தார். டக், டக்கென்று ஆறும் ஒட்டின. உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நான் தேச்சுத் தரட்டுமாப்பா?"

"வேண்டாம். கெடுத்தவர் கையாலேதான்."

"சரி" என்றாள் அவள். கையுறையைக் கழற்றி, பத்து மாதம் வெறுமையாக இருந்த தன் ஆணியில் மாட்டினாள். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் சும்மா உட்கார்ந்திருக்கேன்."